போனை எடுப்பது யார்? விற்பனையையும் வாடிக்கையாளர் சேவையையும் வெளியே கொடுப்பது பற்றி

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்யும் நடுத்தர அளவுக் கம்பெனி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டியின் மேல் 1800 என்று தொடங்கும் இலவச எண் அச்சாகியிருக்கிறது. கல் சுற்றவில்லை, பெல்ட் அறுந்துவிட்டது, வாரன்டி கார்டைக் காணோம் என்று அழைத்தால், கம்பெனியின் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்து ஒருவர் பேசுகிறார். அவர் அந்தக் கம்பெனியின் ஊழியர் அல்ல. கோவையில் இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. அவருக்குச் சம்பளம் கொடுப்பது ஒரு கால் சென்டர். அடுத்த அழைப்பில் வேறொரு கம்பெனியின் வாட்டர் ஹீட்டருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். கிரைண்டரை விற்கக் கடைகடையாக ஏறி இறங்குபவரும் இதேபோல இன்னொருவரின் ஆளாக இருக்கலாம்.

தன் வேலையில் ஒரு பகுதியை இப்படி ஒப்பந்தம் போட்டு வெளி நிறுவனத்திடம் கொடுப்பதுதான் அவுட்சோர்சிங். இதையும் ஆஃப்ஷோரிங்கையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆஃப்ஷோரிங் என்றால் வேலை வேறு நாட்டுக்குப் போவது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி 2001 இல் சென்னையில் ஸ்கோப் இன்டர்நேஷனல் என்ற பெயரில் சொந்த மையம் திறந்தது. வேலை கடல் தாண்டி வந்தது, ஆனால் வங்கியின் கையை விட்டுப் போகவில்லை. இப்படிப்பட்ட சொந்த மையத்தைத் தொழிலில் 'கேப்டிவ்' என்பார்கள். நம் கிரைண்டர் கம்பெனி பக்கத்துத் தெரு கால் சென்டரிடம் வேலையைக் கொடுத்தால் அது அவுட்சோர்சிங். கடல் தாண்டும் பேச்சே அதில் இல்லை.

இந்தியாவில் இந்தத் தொழில் வளர்ந்த வரிசையைப் பார்த்தால் ஒரு சேதி கிடைக்கும். 1990களின் நடுவில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் டெல்லிப் பக்கம் தன் பின்னலுவலக வேலைகளை, அதாவது வாடிக்கையாளர் கண்ணில் படாத உள்வேலைகளை, கொண்டுவந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1996 இல் மும்பையில் டபிள்யூஎன்எஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. ஜெனரல் எலக்ட்ரிக் 1997 இல் குர்கானில் தன் மையத்தை அமைத்தது. மூன்றுமே சொந்த மையங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் மையத்தின் பெரும்பங்கை 2002 இல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. ஜெனரல் எலக்ட்ரிக்கும் 2004 இல் 60 சதவீதப் பங்கை விற்க ஒப்பந்தம் போட்டது. அந்த மையம்தான் அடுத்த ஆண்டு ஜென்பாக்ட் என்ற நிறுவனம் ஆனது. ஆக, இந்த இரண்டு பெரிய கம்பெனிகளும் முதலில் தாங்களே செய்து பார்த்தன. எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகும், எங்கே தவறு நடக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வெளியே விட்டன. இன்று பல சிறு கம்பெனிகள் செய்வது தலைகீழ். புகார்களைச் சமாளிக்க முடியவில்லை என்பதற்காகவே தூக்கி வெளியே கொடுக்கிறார்கள். உள்ளே ஒழுங்கில்லாத வேலை வெளியே போனால் ஒழுங்காகிவிடாது. அதே குழப்பத்துக்கு மாதாமாதம் பில் வரும், அவ்வளவுதான்.

சரி, வெளியே கொடுத்தால் ஏன் செலவு குறைகிறது? சம்பள வித்தியாசம் என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். லண்டன் சம்பளமும் சென்னைச் சம்பளமும் ஒன்றல்ல. ஆனால் கோவைக் கம்பெனிக்கும் கோவைக் கால் சென்டருக்கும் இடையில் பெரிய சம்பள வித்தியாசம் கிடையாது. அங்கேயும் செலவு குறைகிறது என்றால் காரணம் வேறு.

டென்மார்க்கைச் சேர்ந்த ஏ.கே. எர்லாங் என்ற கணித வல்லுநர் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். எத்தனை அழைப்புக்கு எத்தனை இணைப்புகள் தேவை என்று கணக்கிட அவர் 1917 இல் வெளியிட்ட சூத்திரங்களை வைத்துத்தான் இன்றும் கால் சென்டர்களில் ஆள் கணக்குப் போடுகிறார்கள். ஒரு கம்பெனிக்கு மணிக்கு 200 அழைப்பு வருகிறது, ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 நிமிடம். 10 பேருக்குச் சரியான வேலை. ஆனால் 10 பேரை உட்கார வைத்தால் போதாது. அழைப்புகள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வருவதில்லை; ஒரே நிமிடத்தில் எட்டு வரும், அடுத்த நிமிடத்தில் ஒன்றுதான் வரும். நூற்றுக்கு 80 அழைப்பை 20 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் வழக்கமான இலக்கு. அதை எட்ட 14 பேர் வேண்டும்.

இப்போது இதே அளவுள்ள பத்துக் கம்பெனிகளின் அழைப்புகள் ஒரே இடத்தில் சேர்கின்றன. மணிக்கு 2,000 அழைப்பு. தனித்தனியாக இருந்தால் 140 பேர். சேர்ந்தால் 107 பேர் போதும் என்கிறது சூத்திரம். ஒரு கம்பெனிக்குக் கூட்டம் வரும்போது இன்னொன்றுக்கு ஓய்வாக இருக்கும் என்பதுதான் ரகசியம். யாருடைய சம்பளத்தையும் குறைக்காமலேயே 33 பேரின் செலவு மிச்சம். தீபாவளிக்கும் ஆடித் தள்ளுபடிக்கும் விற்பனை ஏறி, அதன் பின்னாலேயே புகாரும் ஏறும் கிரைண்டர் கம்பெனிக்கு இது இன்னும் லாபம். இரண்டு மாதக் கூட்டத்துக்காக ஆண்டு முழுக்க ஆள் வைத்திருக்க வேண்டாம். 24 மணி நேரமும் போன் எடுக்க வேண்டுமென்றாலும் இதே கதைதான். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை பார்ப்பார். ஒரே ஒரு நாற்காலிக்கு மூன்றரை ஆள், விடுமுறையும் உடம்பு சரியில்லாத நாட்களும் சேர்த்தால் அதற்கும் மேல்.

ஆனால் அந்த 107 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் பத்துக் கம்பெனிகளின் அழைப்பையும் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். கிரைண்டர், ஹீட்டர், டிடிஎச், இன்சூரன்ஸ் எல்லாம். அப்படி எல்லாவற்றுக்கும் பதில் சொல்பவருக்கு எதைப் பற்றியும் ஆழமாகத் தெரிய வழியில்லை. கணினித் திரையில் வரும் ஸ்கிரிப்டைப் படிப்பார். 'எங்கள் பொருளுக்கென்று தனி ஆட்கள் வேண்டும்' என்று கம்பெனி கேட்கலாம். கேட்ட உடனே கணக்கு மறுபடி 14 க்குப் போய்விடும். மிச்சம் எங்கிருந்து வருகிறதோ, இழப்பும் அங்கிருந்துதான் வருகிறது. அவுட்சோர்சிங் நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகள் இந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிப் போவார்கள்.

எதற்குக் காசு கொடுக்கிறோம்?

என்னைக் கேட்டால், வெளியே கொடுக்கலாமா வேண்டாமா என்பதைவிட இந்தக் கேள்விதான் முக்கியம். ஒப்பந்தத்தில் எதை அளந்து பணம் கொடுக்கிறோமோ அதுதான் நமக்குக் கிடைக்கும்.

ஒரு இருக்கைக்கு மாதம் இவ்வளவு என்று பேசினால், இருக்கைகள் நிறைந்திருக்கும். உட்கார்ந்திருப்பவர் என்ன செய்கிறார் என்பது நம் கவலை. பேசும் நிமிடத்துக்குக் காசு என்றால் பேச்சு நீளும். ஒரு அழைப்புக்கு இவ்வளவு என்றால் பேச்சு சுருங்கும். அதோடு, வேலை முடியாத வாடிக்கையாளர் மறுபடி அழைப்பார், அந்த இரண்டாவது அழைப்புக்கும் காசு. ஒரே பெல்ட் புகாருக்கு ஒருவர் நான்கு முறை அழைத்தால் கால் சென்டருக்கு நான்கு மடங்கு வருமானம். இதில் யாரும் அயோக்கியர் இல்லை. ஏஜென்ட்டின் தலைக்கு மேல் ஏஎச்டி என்ற கத்தி தொங்குகிறது. ஒரு அழைப்பை முடிக்க ஆகும் சராசரி நேரத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது கூடினால் டீம் லீடர் வந்து நிற்பார். அதனால் வாடிக்கையாளரின் பிரச்சினை முடிந்ததோ இல்லையோ, டிக்கெட் (புகாருக்குத் திறக்கும் பதிவு) முடிந்துவிடும். 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்த பிறகும் ஓடாத மிஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும்.

முதல் அழைப்பிலேயே தீர்ந்த புகாருக்கு மட்டும் முழுப் பணம், அதே வாடிக்கையாளர் ஒரு வாரத்துக்குள் அதே விஷயத்துக்கு மறுபடி அழைத்தால் பணம் கிடையாது என்று எழுதலாம். அப்போது கால் சென்டர் கேட்கும் தொகை அதிகமாக இருக்கும். அது நியாயம்தான், ஏனென்றால் தொந்தரவை இப்போது அவர்கள் சுமக்கிறார்கள்.

இப்படி யோசித்துப் போட்ட ஒப்பந்தத்துக்கு நல்ல உதாரணம் கால் சென்டர் துறையில் இல்லை, தொலைபேசித் துறையில் இருக்கிறது. பார்தி ஏர்டெல் 2004 இல் தன் கணினிப் பணிகளை ஐபிஎம் நிறுவனத்திடமும், நெட்வொர்க்கை அமைத்து நடத்தும் வேலையை எரிக்சன், நோக்கியா போன்றவர்களிடமும் கொடுத்தது. தொலைபேசிக் கம்பெனி நெட்வொர்க்கையே வெளியே கொடுப்பதா என்று அப்போது பலர் கேட்டார்கள். கவனிக்க வேண்டியது பணம் கொடுத்த விதம். வழக்கப்படி பெட்டிக்கு இவ்வளவு என்று கருவிகளை வாங்கியிருந்தால், தேவையோ இல்லையோ விற்பவர் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டே இருப்பார். ஏர்டெல் பயன்பட்ட கொள்ளளவுக்கு மட்டும் பணம் கொடுத்தது. அந்தக் கொள்ளளவை அளக்கும் அலகின் பெயர் எர்லாங். நாம் மேலே பார்த்த அதே மனிதரின் பெயர்தான். ஐபிஎம்முக்கு வருமானத்தில் ஒரு பங்கு. ஏர்டெல் வளர்ந்தால்தான் அவர்களும் வளர முடியும்.

விற்பனை கொஞ்சம் வேறு மாதிரி

விற்பனையை வெளியாரிடம் கொடுப்பது நமக்குப் புதிதே இல்லை. சோப்பும் பிஸ்கட்டும் கொண்டுவரும் சேல்ஸ்மேன் பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கடைக்கு வருவார். பெரும்பாலும் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் அந்த ஊர் ஸ்டாக்கிஸ்ட். எல்ஐசியின் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவர்கள் எல்ஐசி ஊழியர்கள் அல்ல. கமிஷன்தான் அவர்கள் வருமானம். வங்கிகளின் கிரெடிட் கார்டையும் தனிநபர் கடனையும் விற்கும் டிஎஸ்ஏக்களும் (நேரடி விற்பனை முகவர்கள்) அப்படியே.

இங்கே அளப்பது எளிது. விற்றால் காசு, விற்காவிட்டால் இல்லை. தெரியாத ஊரில், தெரியாத சந்தையில் கால் வைக்கும் கம்பெனிக்கு இது நல்ல வழி. மதுரையில் ஆபீஸ் போட்டு, ஐந்து பேரை எடுத்து, ஆறு மாதம் சம்பளம் கொடுத்துப் பார்ப்பதைவிட அங்கே ஏற்கெனவே கடைக்காரர்களைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம்.

ஆபத்து பின்னால் வருகிறது. விற்றவர் கமிஷனை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார். 'ஆண்டுக் கட்டணமே கிடையாது சார்' என்று சொல்லி விற்ற கார்டுக்கு இரண்டாம் ஆண்டு கட்டணம் வரும்போது திட்டு வாங்குவது சேவைப் பிரிவில் இருக்கும் யாரோ. விற்பனையை ஒருவரிடமும் சேவையை இன்னொருவரிடமும் கொடுத்துவிட்டால், முன்னவர் கொடுத்த பொய் வாக்குறுதி பின்னவரின் அழைப்புக் கணக்கில்தான் தெரியும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். இதற்கு ஒரு மருந்து உண்டு. கமிஷனில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, வாடிக்கையாளர் ஆறு மாதமோ ஒரு வருடமோ நிலைத்த பிறகு கொடுப்பது.

சட்டமும் 'அது எங்கள் ஆள் இல்லை' என்ற பதிலை ஏற்பதில்லை. வங்கிகள் வெளியாரிடம் வேலை கொடுப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2006 இலிருந்தே வைத்திருக்கும் விதிகள், முகவர் செய்யும் தவறுக்கும் வங்கியே பொறுப்பு என்கின்றன. கடன் கொடுக்கலாமா என்று முடிவெடுப்பதை வெளியே கொடுக்கவே கூடாது. போனில் விற்பதற்கும் விதி இருக்கிறது. விளம்பர அழைப்புகளுக்கென்று 140 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 1909 க்குச் சொல்லித் தன் எண்ணைப் பதிந்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. மலிவாகக் கிடைக்கும் டெலிமார்க்கெட்டிங் ஏஜென்சி சாதாரண மொபைல் எண்ணிலிருந்து அழைக்கிறதென்றால், ஏன் மலிவு என்று புரிந்துவிடும்.

போனில் வரும் சேதி

நம் கிரைண்டர் கம்பெனிக்கே திரும்புவோம். ஒரு மாதத்தில் தர்மபுரிப் பக்கத்திலிருந்து பதினைந்து பேர் 'மோட்டார் சூடாகி நின்றுவிட்டது' என்று அழைக்கிறார்கள். கம்பெனிக்குள்ளேயே போன் எடுக்கும் பெண் இருந்தால் ஐந்தாவது அழைப்பிலேயே அவருக்கு உறைக்கும். டீக்குப் போகும்போது உற்பத்திப் பிரிவில் இருப்பவரிடம், 'அண்ணா, அந்தப் பக்கம் போன லாட்டுல ஏதோ கோளாறு போலிருக்கே' என்பார். அவர் போய்ப் பார்த்தால் மோட்டார் சுருளில் பிரச்சினை இருக்கலாம், அந்தப் பகுதி மின்னழுத்தத்துக்குத் தாங்காத மாடலை அனுப்பியிருக்கலாம். எதுவானாலும் அடுத்த லாட் திருந்திவிடும்.

கால் சென்டரிலோ அந்தப் பதினைந்து அழைப்பையும் பதினைந்து வேறு வேறு ஆட்கள் எடுத்திருப்பார்கள். ஒவ்வொருவரும் 'மோட்டார் பழுது' என்ற பட்டனை அழுத்தி, சர்வீஸ் ஆளை அனுப்பி, டிக்கெட்டை முடித்திருப்பார்கள். எல்லாம் இலக்குக்குள். மாதக் கடைசியில் கம்பெனிக்கு வரும் அறிக்கை பச்சை நிறத்தில் பளிச்சென்று இருக்கும். அங்கே ஆட்களும் அடிக்கடி மாறுவார்கள். ஒரு பொருளைப் புரிந்துகொண்டவர் அடுத்த வருடம் அதே இடத்தில் இருப்பது அரிது.

இந்த இழப்பு எந்த பில்லிலும் வராது. மிச்சமான தொகை மட்டும் கணக்குப் புத்தகத்தில் தெளிவாகத் தெரியும். இந்த முடிவு இத்தனை சுலபமாக எடுக்கப்படுவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு சூத்திரம் சொல்வார்கள்: கம்பெனியின் மையத் திறனை உள்ளே வைத்துக்கொள், மற்றதை வெளியே கொடு. 'கோர் காம்பிடன்ஸ்' என்ற அந்தக் கருத்தை 1990 இல் ஒரு கட்டுரையில் கேரி ஹாமலுடன் சேர்ந்து முன்வைத்தவர் கோயம்புத்தூரில் பிறந்த நிர்வாகவியல் பேராசிரியர் சி.கே. பிரகலாத். அவர்கள் இருவரும் அதே கட்டுரையில், வெளியே கொடுப்பது குறுக்கு வழியாக உதவலாம், ஆனால் ஆட்களின் கையில் இருக்கும் திறமையை வளர்க்கப் பெரிதாக உதவாது என்றும் எச்சரித்தார்கள். அந்தப் பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

அமெரிக்காவின் ஜாப்போஸ் செருப்புக் கடை இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. தொடக்கக் காலத்தில் கிடங்கு வேலையை வெளியாரிடம் விட்டுச் சிக்கலில் மாட்டி, பிறகு தானே நடத்தியது. கால் சென்டரை வெளியே விடவே இல்லை. அதற்கு ஆள் கிடைக்கும் ஊர் என்பதால் 2004 இல் தலைமையகத்தையே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் வேகஸ் பக்கம் மாற்றியது. அழைப்புக்கு நேரக் கட்டுப்பாடும் வைக்கவில்லை. இணையத்தில் செருப்பு வாங்குபவர் கம்பெனியோடு பேசும் ஒரே சந்தர்ப்பம் அந்த அழைப்புதான் என்பது அவர்கள் கணக்கு.

கம்ப்யூட்டர் கம்பெனியான டெல் வேறு மாதிரி முடிவெடுத்தது. 2003 நவம்பரில், அமெரிக்க நிறுவன வாடிக்கையாளர்கள் புகார் சொன்னதால், அவர்கள் வாங்கிய சில மாடல்களுக்கான உதவி அழைப்புகளைப் பெங்களூருவிலிருந்து அமெரிக்காவுக்கே திருப்பியது. வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியவரின் அழைப்பு தொடர்ந்து பெங்களூருவுக்கே போனது. நூற்றுக்கணக்கில் வாங்குபவருக்கு ஒரு வரிசை, ஒன்று வாங்குபவருக்கு இன்னொன்று. கசப்பாக இருந்தாலும், எல்லா அழைப்பையும் ஒரே மாதிரி நடத்த வேண்டியதில்லை என்ற யோசனை சிறு கம்பெனிக்கும் பயன்படும். ஆர்டர் எங்கே இருக்கிறது, சர்வீஸ் சென்டர் முகவரி என்ன என்ற கேள்விகளை வெளியே கொடுக்கலாம். பொருளில் கோளாறு என்று வரும் அழைப்பை உள்ளேயே எடுக்கலாம்.

தகவல் பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. 2025 மே மாதம் அமெரிக்காவின் கிரிப்டோ நிறுவனமான காயின்பேஸ், வெளிநாட்டில் தனக்காக வாடிக்கையாளர் சேவை செய்த சில ஏஜென்ட்டுகள் லஞ்சம் வாங்கிக்கொண்டு வாடிக்கையாளர் விவரங்களைத் திருடர்களிடம் கொடுத்ததாக அறிவித்தது. திருடர்கள் கேட்டது 2 கோடி டாலர். கம்பெனி கொடுக்க மறுத்தது. குறைந்த சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவரின் திரையில் விலை உயர்ந்த தகவல் தெரிந்தால் இப்படி நடக்க வாய்ப்பு எப்போதும் உண்டு. இந்தியாவின் 2023 ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வெளியாரிடம் கொடுத்த தரவுக்கும் கொடுத்த கம்பெனியையே பொறுப்பாக்குகிறது.

அப்புறம், இப்போது எல்லோரும் கேட்பது: ஆளே வேண்டாமே, செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துவிடலாமே? ஸ்வீடனின் தவணைக் கடன் நிறுவனமான கிளார்னா 2024 பிப்ரவரியில், தன் சாட்பாட் ஒரே மாதத்தில் 23 லட்சம் உரையாடல்களை முடித்தது, 700 ஏஜென்ட்டுகளின் வேலையைச் செய்கிறது என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே அதன் தலைமை அதிகாரி, செலவைக் குறைப்பதிலேயே குறியாக இருந்ததில் தரம் குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு, மனிதர்களை மறுபடி வேலைக்கு எடுக்கத் தொடங்கினார். சாட்பாட்டை அவர் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுலபமான கேள்விகளை இயந்திரம் எடுத்துக்கொண்டால் மனிதர்களிடம் வருவது கஷ்டமான அழைப்புகள் மட்டுமே. அப்போது மூன்று நிமிட ஏஜென்ட் போதாது. விஷயம் தெரிந்தவர் வேண்டும். இருக்கைக்கு இவ்வளவு என்ற பழைய பேரமும் அங்கே செல்லாது.

இத்தனைக்கும் பிறகு வெளியே கொடுப்பதென்று முடிவெடுத்தால், முதலில் ஒரு மாதமாவது முதலாளியோ உற்பத்தி மேலாளரோ தானே உட்கார்ந்து போன் எடுக்க வேண்டும். எந்தக் கேள்விகள் வருகின்றன, எதற்கு என்ன பதில் என்று எழுதி வைத்த பிறகே ஒப்பந்தப் பேச்சு. கொடுத்த பிறகும் வாரம் பத்து ஒலிப்பதிவையாவது கம்பெனி ஆள் ஒருவர் கேட்க வேண்டும். அறிக்கையை மட்டும் பார்த்தால் பச்சை நிறம்தான் தெரியும். எல்லா வேலையையும் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு மாவட்டத்தின் அழைப்புகளையோ ஒரு மாடலையோ மட்டும் கொடுத்துப் பார்க்கலாம்.

ஒப்பந்தத்தில் பிரிவதற்கான பக்கத்தையும் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். 1800 எண் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், கால் சென்டரின் பெயரில் அல்ல. அழைப்புப் பதிவுகளும் வாடிக்கையாளர் வரலாறும் உங்களுக்குச் சொந்தம், கேட்ட நாளில் பொதுவான வடிவத்தில் கொடுத்துவிட வேண்டும் என்று இருக்க வேண்டும். நோட்டீஸ் காலத்தில் பழைய ஏஜென்ட்டுகள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாட்களுக்கு யார் பணம் தருவது என்பதையும் அங்கேயே பேசி முடித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பிரியும் நேரத்தில் அதைப் பேச இரு பக்கமும் பொறுமை இருக்காது.